ஏ.டி.எச்.டி. குழந்தைக்கு என்ன சிகிச்சை? மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவோ மிகைத் துறுதுறுப்போ அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் நிலை, இருக்கிறது என்று சொல்லப்பட்ட குழந்தையின் பெற்றோர், மருத்துவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் "இதெல்லாம் குடுக்கணுமா?" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் பாட்டி "பச்சப் புள்ளைக்கு மூளை மாத்திரையா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். "குடுத்தோம் சார், பெருசா ஒண்ணும் தெரியல" என்பார்கள். அவர் அதை நம்பி அளவைக் கூட்டி எழுதுவார்.

இந்தச் சங்கிலியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அறைக்குள் ஒரு முடிவும் வீட்டுக்குள் வேறு முடிவும் எடுக்கப்பட்டதுதான் கோளாறு. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதைத்தான் மருத்துவ உலகில் சேர்ந்து முடிவெடுத்தல் என்கிறார்கள். மருத்துவருக்கு நோயும் மருந்தும் தெரியும். பெற்றோருக்கு இந்தக் குழந்தையும் இந்த வீடும் தெரியும். இரண்டு அறிவும் மேசைக்கு வந்த பிறகு எடுக்கும் முடிவுதான் நிற்கும்.

"மருந்தா, வேண்டாமா?" என்ற கேள்விக்கு இந்த வழிகாட்டியில் விடை கிடையாது. அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. எந்தத் தொல்லைக்காகச் சிகிச்சை, முதலில் எதை முயல்வது, எத்தனை வாரம் முயல்வது, பலனை எதை வைத்து அளப்பது, எப்போது திரும்ப உட்கார்ந்து பேசுவது என்ற ஐந்துக்கும் விடை இருந்தால் மருந்துக் கேள்வி தன்னால் சிறியதாகிவிடும்.

படி 1: நோயறிதல் எப்படி வந்தது என்று கேளுங்கள்

சிகிச்சைக்குப் போவதற்கு முன் இது ஏ.டி.எச்.டி.தானா என்பது உறுதியாக வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 என்ற கையேடு (2013) கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், மிகைத் துறுதுறுப்பு மற்றும் யோசிக்காமல் செய்வதற்கு 9 அறிகுறிகளையும் பட்டியலிடுகிறது. குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு வரிசையில் குறைந்தது 6 அறிகுறிகள், 6 மாதங்களுக்கு மேல், வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கவழக்கத்தையோ அது உண்மையாகவே பாதிக்க வேண்டும்.

இதில் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் பார்த்தவர்கள் சொல்வதுதான் ஆதாரம். ஆசிரியரிடம் எதுவும் கேட்காமல், பத்து நிமிடம் குழந்தையைப் பார்த்து மட்டும் சொன்ன நோயறிதல் அரைகுறைதான். புது இடத்தில், டாக்டருக்கு முன்னால், துறுதுறுப்பான குழந்தைகூட அரை மணி நேரம் அடங்கி உட்காரும். அதை வைத்து "ஒண்ணுமில்ல" என்று சொல்வதும் அதே அளவு தவறு. வாண்டர்பில்ட் போன்ற வினாப் படிவங்களைப் பெற்றோருக்குத் தனியாக, ஆசிரியருக்குத் தனியாகக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வேறு காரணங்களை விலக்கிவிட்டார்களா என்றும் கேளுங்கள். கேட்கும் திறன், பார்வை, இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுவது, இரும்புச்சத்துக் குறைவு, வலிப்பு, வீட்டில் நடக்கும் சண்டை, பள்ளியில் நடக்கும் கேலி ஆகிய எல்லாமே கவனத்தைக் குலைக்கும். கற்றல் குறைபாடும் மனப்பதற்றமும் ஏ.டி.எச்.டி.யோடு கூடவே வருவதும் உண்டு. பெண் குழந்தைகள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். ஓடாமல் குதிக்காமல், ஜன்னலைப் பார்த்தபடி கனவில் இருக்கும் பெண்ணை "சோம்பேறி" என்று சொல்லிச் சொல்லியே பல வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இது ஏதோ அபூர்வமான நோய் என்ற எண்ணம் வேண்டாம். கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 11 குழந்தைகளிடம் இது காணப்பட்டது. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு நூற்றுக்கு 5. வளர்ப்பில் வந்த குறையும் அல்ல. இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கு மிகப் பெரியது என்று காட்டியிருக்கின்றன. பையனுக்கான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாக்கள் திடீரென்று அமைதியாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

படி 2: தொல்லையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்", "படிப்புல கவனமே இல்ல" என்றெல்லாம் எழுதினால் மருத்துவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு நேரம், அதனால் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்படி இருக்கலாம்:

- ஒரு பக்க வீட்டுப்பாடம் முடிக்க இரண்டு மணி நேரம். நடுவில் ஏழெட்டு முறை எழுந்து போகிறான். கடைசியில் அடி, அழுகை.
- வாரத்தில் மூன்று நாளாவது பென்சில் பாக்ஸோ தண்ணீர் பாட்டிலோ பள்ளியில் தொலைகிறது.
- வேன் வருவதற்குள் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவது தினமும் போர்.
- தெருப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை. தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டான்.

அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக எழுதிப் பிறகு சேர்த்துப் பாருங்கள். அம்மாவின் பட்டியலில் வீட்டுப்பாடம் முதலிடத்திலும், அப்பாவின் பட்டியலில் கடைக்கோ கல்யாணத்துக்கோ அழைத்துப் போக முடியாதது முதலிடத்திலும் இருக்கும். இருவரும் பேசி, இப்போதைக்கு முக்கியமான இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறை ஒரே நேரத்தில் துரத்தினால் எதுவும் பிடிபடாது.

இந்த வேலைக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், படிப்பு முன்னேற வேண்டும் என்பதை முதல் இலக்காக வைத்த பெற்றோர் மருந்தைத் தொடங்குவது அதிகமாக இருந்தது. நடத்தையும் மற்றவர்களோடு பழகுவதும் சீராக வேண்டும் என்று நினைத்தவர்கள் நடத்தைப் பயிற்சியின் பக்கம் சாய்ந்தார்கள். இலக்கு மாறினால் வழியும் மாறும். இலக்கைச் சொல்லாமல் போனால் மருத்துவர் தானே ஓர் இலக்கை ஊகித்துக்கொள்வார்.

படி 3: இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் வயது. 6 வயதுக்குக் கீழே என்றால் கேள்வி எளிது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், 4, 5 வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதலும் 5 வயதுக்குக் கீழே அதையே சொல்கிறது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு முதல் சந்திப்பிலேயே மாத்திரை எழுதினால் "ஏன் சார், ட்ரெய்னிங் முதல்ல பார்க்கலாமா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

6 வயதுக்கு மேல் போனால் நிபுணர்களே கொஞ்சம் பிரிகிறார்கள். அமெரிக்க வழிகாட்டுதல் மருந்தையும் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்துத் தொடங்கச் சொல்கிறது. நைஸ் அமைப்பு, முதலில் வீட்டிலும் பள்ளியிலும் சூழலை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் பாதிப்பு நீடித்தால் மருந்து என்கிறது. பெரியவர்களே ஒரே வரியில் சொல்லாத இடத்தில், உங்கள் குடும்பத்தின் விருப்பத்துக்கும் வசதிக்கும் உண்மையான எடை உண்டு. சேர்ந்து முடிவெடுப்பது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பெற்றோர் பயிற்சி என்றதும் பலருக்குக் கோபம் வரும்: "பிரச்சினை அவனுக்கு, ட்ரெய்னிங் எனக்கா?" குழந்தை ஒரு நாளில் அதிக நேரம் இருப்பது உங்களோடுதான் என்பதால் அந்த ஏற்பாடு. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதுவும் அருகில் போய், கண்ணைப் பார்த்து. செய்த உடனே எதைச் செய்தான் என்று சொல்லிப் பாராட்டு. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது. ஸ்டார் ஒட்டும் அட்டவணை, அதற்கு அன்றைக்கே கிடைக்கும் பரிசு. "முழுப் பரீட்சையில ஃபர்ஸ்ட் வந்தா சைக்கிள்" என்பது இந்தக் குழந்தைகளிடம் செல்லாது. பத்து மாதம் தள்ளி இருக்கும் சைக்கிள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பயிற்சிக்குப் பல வாரங்கள் பிடிக்கும், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரச் செலவு அதிகம். பக்க விளைவு இல்லை என்பது பெரிய லாபம்.

மருந்துகளில் முதலில் வருவது மெத்தில்ஃபெனிடேட். 1944-ல் உருவாக்கப்பட்டு, 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. புது மருந்து அல்ல. இது தூங்க வைக்கும் மருந்தும் அல்ல. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தடுத்து, கவனத்தை நிலைநிறுத்தும் பகுதிக்குத் துணை செய்கிறது. சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம் வரை போகும். முதலில் கொடுக்கும் இந்த வகை மருந்துக்குப் பத்தில் ஏழு குழந்தைகளிடம் நல்ல பலன் தெரியும் என்பது பொதுவான கணக்கு. பசி குறைவது, தூக்கம் தள்ளிப் போவது, வயிற்று வலி, தலைவலி, மருந்து இறங்கும் மாலை வேளையில் எரிச்சல் ஆகியவை வழக்கமான பக்க விளைவுகள். ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். அதனால்தான் உயரத்தையும் எடையையும் அளந்துகொண்டே வர வேண்டும்.

அடுத்தது அடமாக்சிடின். இது மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி வகை மருந்து அல்ல. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும், நாள் முழுக்க வேலை செய்யும், நடுவில் விட்டு விட்டுக் கொடுக்கக் கூடாது. அரிதாகச் சில குழந்தைகளிடம் தற்கொலை எண்ணம் தலைகாட்டலாம் என்ற எச்சரிக்கை இதற்கு உண்டு. தொடக்க வாரங்களில் மனநிலையைக் கவனிக்க வேண்டும். குளோனிடின் போன்றவையும் சில சூழல்களில் எழுதப்படும்.

மருந்து, நடத்தைச் சிகிச்சை இரண்டில் எது மேல்? அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் தொடர்ந்த எம்.டி.ஏ. ஆய்வு (1999) இதில் முக்கியமானது. கவனமின்மை, துறுதுறுப்பு ஆகிய மைய அறிகுறிகளுக்குக் கவனமாகக் கொடுத்த மருந்து தனி நடத்தைச் சிகிச்சையை வென்றது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது, பெற்றோருக்கும் திருப்தி அதிகம். மூன்றாம் ஆண்டு முடிவில், 2007-ல் வெளியான தொடர் ஆய்வில், குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மருந்து ஆதரவாளர்கள் முதல் பாதியையும் எதிர்ப்பாளர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒருமுறை எடுத்த முடிவை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிட முடியாது என்பது புரியும்.

கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதும் ஒரு வழிதான். லேசான பாதிப்பு என்றால் அது நியாயமானது. ஆனால் அதற்கும் விலை உண்டு. திட்டு வாங்கி வாங்கியே "நான் மக்கு" என்று குழந்தை முடிவுகட்டிவிடும் வருடங்கள் திரும்ப வராது.

மற்றவை: ஒமேகா-3-க்குக் கிடைத்த பலன் மிகச் சிறியது. சர்க்கரை துறுதுறுப்பை உண்டாக்குகிறது என்பதைக் கட்டுப்பாட்டு ஆய்வுகள் பொய்யாக்கிவிட்டன, பல்லுக்காகக் குறைத்தால் சரி. வல்லாரை மாத்திரை, ஞாபகசக்தி டானிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மிட்-பிரெய்ன் ஆக்டிவேஷன் வகுப்புகளுக்கும் கைரேகை பார்த்து மூளையைச் சொல்லும் சோதனைகளுக்கும் அறிவியல் அடிப்படை இல்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல உளவியலாளரிடம் செலவிடலாம்.

படி 4: வீட்டில் முடிவெடுப்பவர்கள் யார் என்று பாருங்கள்

பயம் யாருக்கு இருக்கிறதோ அவர் அறைக்குள் வர வேண்டும். மாத்திரையை நிறுத்தும் அதிகாரம் பாட்டிக்கு இருந்தால் பாட்டியை ஒரு முறையாவது கூட அழைத்துப் போங்கள். அப்பா துபாயில் இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாட்ஸ்அப் வீடியோவில் உட்கார வைக்கலாம். முடியாவிட்டால் அவர்களுடைய கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

வழக்கமான பயம் பழக்கமாகிவிடுமோ என்பது. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடுதலாக வந்ததாகத் தொகுப்பாய்வுகள் காட்டவில்லை. ஆனால் இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, தனி உரிமம் வேண்டும், சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளித்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் உடனே "ஏதோ தப்பான மருந்து போல" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். காரணம் சட்டம்தான். எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், அலைச்சல் மிச்சம்.

படி 5: அறைக்குள் பேசுவது

அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தனியார் என்றாலும் வெளியே டோக்கன் காத்திருக்கும். அதனால்தான் ஒரே ஒரு தாள்: மேலே இரண்டு இலக்குகள், நடுவில் கேள்விகள், கீழே ஆசிரியர் எழுதிய குறிப்பு. நேரமாகிவிடும் என்று தயங்காதீர்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், வழிகளை விளக்கும் அட்டைகளை வைத்துக் குழந்தை மருத்துவர்கள் பேசியபோது பெற்றோருக்குக் குழப்பம் குறைந்தது, விவரம் கூடியது. சந்திப்பின் நேரம் நீளவில்லை.

வேறெதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் மூன்று கேள்விகள் போதும். என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் சேர்த்து? ஒவ்வொன்றிலும் நல்லது என்ன, கெட்டது என்ன? என் குழந்தைக்கு அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? "பத்துப் பேருக்குக் குடுத்தா எத்தனை பேருக்குப் பசி குறையும் சார்?" என்று எண்ணிக்கையில் கேளுங்கள். "சில பேருக்கு வரலாம்" என்ற பதிலை வைத்து யாராலும் முடிவெடுக்க முடியாது.

பேச்சு இப்படிப் போகலாம்:

"மாத்திரை ஆரம்பிச்சுடலாம்மா. காலைல ஒண்ணு."

"வேண்டாம்னு சொல்ல வரல சார். எங்களுக்குப் பெரிய கஷ்டம் சாயங்காலம் ஹோம்வொர்க்தான். காலைல குடுக்கிறது அப்போ வேலை செய்யுமா?"

"எத்தனை மணிக்கு உக்கார்றான்?"

"டியூஷன் முடிஞ்சு வந்து ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கு இது இருக்காதும்மா. நீண்ட நேர மாத்திரைகூட அந்நேரம் இறங்கிடும். இன்னும் லேட்டா குடுத்தா தூக்கம் போயிடும். அந்த டியூஷன் அவசியமா? பள்ளிக்கூடத்துல எப்படி இருக்கான்?"

"மிஸ் இதுல எழுதிக் குடுத்திருக்காங்க. கிளாஸ்ல பரவாயில்லயாம்."

"அப்படின்னா முதல்ல நேரத்தை மாத்திப் பார்ப்போம். ரெண்டு மாசம் நம்ம சைக்காலஜிஸ்ட்கிட்ட வாங்க. அப்பவும் கஷ்டம்னா மாத்திரை பேசலாம்."

அந்த அம்மா மருத்துவரை எதிர்க்கவில்லை. அவருக்குத் தெரியாத ஒரு தகவலைக் கொடுத்தார். வகுப்பில்தான் பெரிய தொல்லை என்று மிஸ் எழுதியிருந்தால் அதே உரையாடல் மாத்திரையில் போய் முடிந்திருக்கும், அதுவும் சரியாகவே இருந்திருக்கும்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீர் மரணம், குழந்தைக்கு இதயக் கோளாறு, ஓடும்போது மயக்கம் அல்லது நெஞ்சு வலி, வலிப்பு, கண் சிமிட்டல் தோள் குலுக்கல் போன்ற தன்னிச்சை அசைவுகள், வீட்டில் யாருக்காவது மனநோய். எழுந்து வருவதற்கு முன் "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு ஒரு தடவை சொல்லிப் பாக்கிறேன் டாக்டர்" என்று திருப்பிச் சொல்லுங்கள். எங்கே புரியாமல் போனது என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அன்றே முடிவு சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "ஒரு வாரம் யோசிச்சுட்டு வர்றோம்" என்பது மரியாதையான பதில். ஏ.டி.எச்.டி.க்கு அவசரச் சிகிச்சை என்று ஒன்று கிடையாது.

படி 6: மருந்து என்று முடிவானால், அதை ஒரு சோதனைக் காலமாகத் தொடங்குங்கள்

"வாழ்நாள் முழுக்கவா?" என்ற பயத்தோடு தொடங்காதீர்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ ஒரு தேதி குறித்து, அன்றைக்கு உட்கார்ந்து பார்ப்போம் என்று மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முந்தைய வாரத்து நிலையை எழுதி வைப்பது முக்கியம். எடை, உயரம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவமனையில் பார்ப்பார்கள். தூங்கும் நேரம், பசி, வயிற்று வலி, அழுகை ஆகியவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். முன்பிருந்தே வாரம் இருமுறை வயிறு வலிக்கும் பிள்ளைக்கு, மாத்திரைக்குப் பிறகு வலித்தால் பழி மாத்திரை மேல் விழும்.

குறைந்த அளவில் தொடங்கி, வாரம் ஒருமுறை போலப் படிப்படியாக ஏற்றுவார்கள். எடையைப் பார்த்து நேரே ஓர் அளவு போடுவதைவிட, பலனும் பக்க விளைவும் சந்திக்கும் இடத்தைத் தேடுவதுதான் முறை. "ஏறிக்கிட்டே போகுதே" என்று பயப்பட வேண்டாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி: தேதியும் அளவும், முதல் இலக்கு, இரண்டாம் இலக்கு, சாப்பாடும் தூக்கமும். தினமும் ஒரு வரி போதும்.

பசியை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் அம்மாக்கள் சோர்ந்து போகிறார்கள். மதிய டப்பா அப்படியே திரும்பி வரும். மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நாலு இட்லி உள்ளே போன பிறகு மாத்திரை. மதியத்துக்குக் கட்டாயப்படுத்தாமல் ஒரு முட்டையோ கடலை மிட்டாயோ வைத்து அனுப்புங்கள். மருந்து இறங்கும் ஐந்து, ஆறு மணிக்குப் பசி பிய்த்துக்கொண்டு வரும். பலர் அப்போது பிஸ்கட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். தோசையோ சாதமோ தயாராக இருக்க வேண்டிய நேரம் அது. படுப்பதற்கு முன் பால் வேறு. மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. பிள்ளைக்கு முழுங்கத் தெரியாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், எழுதும் மருந்தே மாறலாம். மதிய மாத்திரையைப் பள்ளியில் யார் கொடுப்பது என்பதும் அப்படியே. கொடுக்க ஆளில்லை என்றால் சாதாரண மாத்திரையை நாளுக்கு இருமுறை எழுதுவதில் பொருளில்லை.

"ரொம்ப அமைதியாயிட்டான், சத்தமே இல்ல" என்று உறவினர்கள் பாராட்டுவதைப் பலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிரிப்பும் குறும்பும் போய், முகம் வாடி, சப்பென்று இருந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள் அல்லது மாற்றுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது, சாவைப் பற்றிப் பேசுவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

படி 7: பள்ளியை உள்ளே கொண்டுவருவது

மாத்திரை எடுப்பதை ஆசிரியரிடம் சொல்வதா என்பது உங்கள் முடிவு. சொன்னால் கவனித்துச் சொல்வார். சொல்லாவிட்டால் பாரபட்சமில்லாத கருத்து கிடைக்கும். வகுப்பில் எல்லோர் முன்னும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் ஆசிரியர் என்றால் நான் சொல்ல மாட்டேன்.

நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. முன் வரிசையில் இடம், பலகையைத் துடைப்பது போன்ற எழுந்து நடக்கும் வேலை, நீண்ட கணக்கை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது என்று கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். டைரியில் தினமும் மூன்று விஷயங்களுக்கு டிக் அல்லது பெருக்கல் குறி போட்டு அனுப்பச் சொல்லி, வீட்டில் அதற்கு ஸ்டார் கொடுக்கும் முறைக்கு நல்ல சான்று உண்டு. தேர்வுச் சலுகை பற்றி ஒரு வார்த்தை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி. இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கும் சந்தேகம் இருந்தால் அதற்கான பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

படி 8: குழந்தையிடம் கேட்பது

ஏழு வயதுப் பிள்ளைக்குச் சத்து மாத்திரை என்று பொய் சொல்லாதீர்கள். பத்து வயதில் கூகுளில் பார்த்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. "உனக்கு எதுல கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் வரும் பதில் உங்கள் பட்டியலில் இருக்காது. "மிஸ் என் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்று வரும். அதையும் தாளில் எழுதுங்கள்.

12 வயதுக்கு மேல் போனால் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் எதுவும் ஓடாது. நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிடுவார்கள். மருத்துவரோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். "இதைப் போட்டா நான் நானா இல்ல" என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் சொன்னால், மதிப்பெண் எவ்வளவு ஏறியிருந்தாலும், அது முழு எடையோடு கேட்க வேண்டிய பக்க விளைவு.

படி 9: திரும்ப உட்கார்ந்து பார்ப்பது

குறித்த தேதியில் நோட்டோடு போங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் "நிறுத்திட்டோம் சார், இந்தக் காரணத்தால" என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்ற பயத்தில் மறைத்தால் அவர் தவறான தகவலை வைத்து அடுத்த முடிவை எடுப்பார். முதல் மருந்து சரிவராதது தோல்வி அல்ல, வேறொன்று சரிவரலாம்.

நிலைபெற்ற பிறகு 10 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்கிறது நைஸ். ஆண்டுக்கு ஒருமுறையாவது "இன்னும் தேவையா?" என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டால் சில நாள் நிறுத்திப் பார்க்கலாம். பொதுத் தேர்வு மாதத்திலும் புதுப் பள்ளி சேர்ந்த ஜூனிலும் அதைச் செய்யாதீர்கள். அதே நேரம், மே விடுமுறையில் நிறுத்திவிட்டு "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கான்" என்று முடிவுகட்டுவதும் சரியான சோதனை ஆகாது. அவன் உட்கார வேண்டிய நாற்காலியே அப்போது இல்லை.

ஒத்துவரவில்லை என்றால்

கேள்வி கேட்டால் எரிச்சல்படும் மருத்துவர்கள் உண்டு. "டாக்டர் நானா நீங்களா?" என்ற பதில் வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். இதுவரையான சீட்டு, படிவம், நோட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள். மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் புது மருத்துவரைப் பார்க்கும்வரை நீங்களாக அளவை மாற்றாதீர்கள். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் குழந்தைகள் மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம். 18 வயது வரையான குழந்தைகளுக்கான அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு, கட்டணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசிக் கேட்கலாம்.